நினைவாற்றல் மாத்திரைகள்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

“மறதிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர முடியுமா?” என்பது எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அடி அண்ணாமலையிலிருந்தும் கிரிவலப் பாதையை ஒட்டிய பிற ஊர்களிலிருந்தும் வருவோருள் பலர், எங்களிடம் வரும் முன்பே ஏதேனும் ஒன்றை உட்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். பாதையோரக் கடையில் வாங்கிய வல்லாரைப் பொடி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய ஜிங்கோ வில்லை, தேர்வுக்குப் படிக்கும் பேரனுக்கென வாங்கிய டானிக் என அவை பலவகை. அவற்றால் விளையும் நன்மை, தீமை இரண்டையும் இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மறதி என்பது ஓர் அறிகுறி. காய்ச்சலைப் போலவே அதற்கும் பல காரணங்கள் உண்டு. காரணம் அறியாமல் மாத்திரை தொடங்கினால், குணப்படுத்தக்கூடிய நோய் கண்டறியப்படாமலேயே முற்றிவிடலாம்.

நூட்ரோபிக் என்னும் பெயர்

1964ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பைராசிட்டம் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதை ஆராய்ந்த கொர்னேலியு ஜுர்ஜியா என்பவர், மூளையின் கற்கும் திறனை மேம்படுத்தி, பெருந்தீங்கு எதுவும் செய்யாத மருந்துகளைக் குறிக்க 1972இல் ‘நூட்ரோபிக்’ என்னும் சொல்லை ஆக்கினார். இன்று அச்சொல் மருந்து, மூலிகை, வைட்டமின் என அனைத்துக்கும் விளம்பரப் பெயராகிவிட்டது. அப்பெயர் தாங்கிய எல்லாப் பொருள்களும் அவர் வகுத்த வரையறைக்குள் அடங்குவன அல்ல.

மூலிகைகள்

வல்லாரையும் நீர்ப்பிரமியும் வெவ்வேறு செடிகள். வட இந்தியாவில் இரண்டையும் ‘பிராமி’ என்றே அழைப்பதால், புட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் கொண்டு உள்ளே இருப்பது எது என அறிய இயலாது.

நீர்ப்பிரமியை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் விரிவாக ஆராய்ந்துள்ளது. ஏறத்தாழ 12 வாரங்கள் அதன் சாற்றை உட்கொண்ட நலமுள்ளோரிடம் நினைவுகூரும் திறனிலும் கவனத்திலும் சிறிய முன்னேற்றம் இருந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் அவை குறைந்த எண்ணிக்கையினரைக் கொண்டு நடந்தவை. மறதிநோயை இது தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. குமட்டல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை இதனால் வரலாம்.

வல்லாரையைத் துவையலாகவோ கூட்டாகவோ உணவில் சேர்ப்பதற்கு நாங்கள் தடை சொல்வதில்லை. ஆனால் செறிவூட்டிய மாத்திரையாக வாரக்கணக்கில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. உணவின் அளவும் மாத்திரையின் அளவும் ஒன்றல்ல.

ஜிங்கோவைப் பொறுத்தவரை விடை தெளிவானது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை ஏறத்தாழ 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நாள்தோறும் இருவேளை 120 மி.கி. ஜிங்கோ உட்கொண்டவர்களுக்கும் மறதிநோய் குறையவில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றோடு இதைச் சேர்த்து உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு அபாயமும் கூடலாம்.

மருந்துக்கடை மாத்திரைகள்

பக்கவாதத்துக்குப் பின் பைராசிட்டமும் சிட்டிகோலினும் நம் நாட்டில் மாதக்கணக்கில் வாங்கப்படுகின்றன. பக்கவாதம் கண்ட 2,298 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், சிட்டிகோலின் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. பைராசிட்டம் உடலிலிருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டோரிடம் அது தேங்கும். தூக்கமின்மை, படபடப்பு, இரத்தக்கசிவு ஆகியனவும் நேரலாம்.

இவற்றை வாங்குவதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடும் குடும்பங்கள் குறித்தே எங்கள் கவலை. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பது அந்த எளிய மாத்திரைதான். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் விலையின்றிப் பெறலாம்.

டோனெபெசில், மெமன்டின் போன்றவை வேறு வகை. அல்சைமர் நோய் உறுதியானவர்களுக்கு இவை அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும், நோயைக் குணப்படுத்தா. டோனெபெசில் நாடித் துடிப்பைக் குறைத்து மயக்கம் உண்டாக்கக்கூடும். ஆகவே மருத்துவர் கண்காணிப்பு இன்றி அதை உட்கொள்ளலாகாது.

தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு

மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டுமே உரியவை. விழித்திருந்து படிப்பதற்காக அவற்றைக் கொடுத்தால் தூக்கம் கெடும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். பகலில் படித்ததை மூளை உறக்கத்தின்போதுதான் நிலைப்படுத்துகிறது. உறக்கத்தைப் பறிக்கும் மாத்திரை நினைவையும் பறிக்கிறது.

முதலில் தேட வேண்டிய காரணங்கள்

நாங்கள் அடிக்கடி காணும் நிலை ஒன்றைச் சொல்கிறோம். சர்க்கரை நோய்க்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் உட்கொள்ளும், சைவ உணவு மட்டுமே உண்ணும் முதியவர் ஒருவருக்கு மறதியும் பாத மரத்துப்போதலும் சேர்ந்து வருகின்றன. வீட்டார் ‘வயதாகிவிட்டது’ என எண்ணி நினைவாற்றல் மாத்திரை கொடுக்கிறார்கள். உண்மையில் அவருக்குக் குறைவது வைட்டமின் பி12ஆக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றில் அது தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ கொண்டு சரிசெய்யலாம். காலம் கடந்தால் நரம்புப் பாதிப்பு முழுமையாக மீளாது.

இவ்வாறே கீழ்க்கண்டவையும் மறதியை உண்டாக்கும். பெரும்பாலும் சிகிச்சைக்கு இணங்கும்:

• தைராய்டு சுரப்புக் குறைவு
• மனச்சோர்வு
• சோடியம் உப்புக் குறைதல்
• குறட்டையோடு கூடிய உறக்க மூச்சுத்தடை
• மதுப்பழக்கம்
• தூக்க மாத்திரை, சளிக்கான சில பழைய மாத்திரைகள்
• கீழே விழுந்த சில வாரங்களுக்குப் பின் தலைக்குள் தேங்கும் இரத்தம்
• காது கேளாமை (சொன்னது கேட்காததும் மறதியாகத் தோன்றும்)

உறுதியாகப் பயன் தருபவை

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரையான 1,260 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. சீரான உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டாண்டுகள் ஒருங்கே மேற்கொண்டவர்களின் அறிதிறன், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. 2024இல் லான்செட் ஆணையம், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் எனக் கணித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது, காது கேளாமை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நாள்தோறும் நடக்க வேண்டியதில்லை. அதன் ஒரு பகுதியில் காலையில் அரைமணி நேரம், துணையோடு பேசிக்கொண்டு நடந்தால் உடற்பயிற்சியும் ஆகும், தனிமையும் நீங்கும்.

எங்களிடம் வரும்போது

நோயாளி உட்கொள்ளும் பொடி, டானிக், மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். மறைக்க வேண்டியதில்லை, அதற்காக நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மறதி எப்போது தொடங்கியது, எவ்வேலையில் தடுமாற்றம் என்பதை உடன் வாழ்பவர் குறித்து வைத்தல் நலம். வேறு மருத்துவர் எழுதித் தந்த மருந்தைத் தாமாகவே நிறுத்த வேண்டாம்.

ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றும் குழப்பம், பேச்சுக் குளறல், ஒருபக்கக் கை கால் பலவீனம், விழுந்தபின் மிகும் தூக்கக் கலக்கம் ஆகியவை அவசர நிலைகள். அப்போது எந்த மாத்திரையையும் தேடாமல், 108 ஆம்புலன்சை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.