கடல் மீன் தொட்டிக்கு ராஸ் மீன்: நிறம் பார்த்து வாங்காதீர்

வண்ண மீன் வளர்ப்பு தமிழ்நாட்டில் பல சிறு விவசாயக் குடும்பங்களுக்கு நல்ல உபதொழிலாக அமைந்துள்ளது. கிணற்று நீரும் நான்கு சிமெண்டுத் தொட்டிகளும் இருந்தால் கப்பி, மோலி, பொன்மீன் முதலியவற்றை வளர்த்துச் சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளுக்கு அனுப்பலாம். இதில் கை பழகியவர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அடுத்த படியாகக் கடல் மீன் தொட்டி வைக்க விரும்புகின்றனர். கடைக்குப் போனால் முதலில் கண்ணைப் பறிப்பவை ‘ராஸ்’ என்று விற்கப்படும் மீன்கள்தாம். சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என ஒரே மீனில் நாலு நிறம் இருக்கும். விலையும் அதற்கேற்றபடியே. ஒரு மீனின் விலை ஒரு மூட்டை நெல்லின் விலையைத் தாண்டுவதும் உண்டு.

இவ்வளவு கொடுத்து வாங்கிய மீன் பத்தே நாளில் செத்துப் போனால் நோய் தாக்கிவிட்டது என்று எண்ணுகிறோம். பல சமயங்களில் நோய் காரணமன்று. அந்த மீன் என்ன தின்னும், இரவில் எங்கே தூங்கும் என்று கேட்டறியாமல் வாங்கியதே காரணம்.

மணலில் தூங்குவதும் பொந்தில் தூங்குவதும்

ராஸ் என்பது ஒரு மீன் அன்று. ஒரு பெரிய குடும்பம். உலகக் கடல்களில் இதில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. விரல் நீளமே வளர்பவையும் உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் நெப்போலியன் ராஸும் இதே குடும்பம்தான். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பவளப்பாறைகளிலும் பல இனங்கள் வாழ்கின்றன.

தொட்டிக்கு வரும் ராஸ்களில் மிகப் பெரும்பாலானவை புழு, நண்டு, இறால், நத்தை, மிதவைச் சிற்றுயிர் ஆகியவற்றைத் தின்பவை. பகல் முழுவதும் ஓயாமல் மேயும். இருட்டியதும் சில இனங்கள் மணலுக்குள் முழுவதுமாகப் புதைந்து தூங்கும். வேறு சில, பாறைப் பொந்தில் ஒண்டி, உடலைச் சுற்றிக் கோழையாலான மெல்லிய உறை ஒன்றைச் சுரந்துகொண்டு தூங்கும். மணலில் தூங்கும் இனத்தை மணல் இல்லாத தொட்டியில் விட்டால் அது கண்ணாடித் தரையில் முட்டி முட்டி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். புண்பட்ட வாயால் இரை எடுக்க முடியாது. அதன் பிறகு எந்த மருந்தும் பயன் தராது.

இத்தகைய மீன்களுக்கு 2 முதல் 3 அங்குல ஆழம் நைஸ் மணல் வேண்டும். தொட்டி முழுவதும் பரப்ப இயலாவிட்டால் ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டில் நிரப்பி மூலையில் வைத்தாலும் போதும். சிப்பி மணல், பவள மணல் என்று கடையில் கிடைக்கும் உருண்டை மணலே ஏற்றது. கட்டட வேலைக்கு வாங்கும் எம்-சாண்ட் கூடவே கூடாது. உடைத்த கல்லின் கூரிய விளிம்பு மீனின் தோலைக் கிழித்துவிடும்.

யூரியா பாடம் இங்கும் உண்டு

மீன் வாங்குமுன் தொட்டி நீர் பக்குவப்பட வேண்டும். வயலில் யூரியா இட்டால் அது அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, பின்பு வேறு பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறுகிறது என்பதை இப்பகுதியைப் படிப்போர் அறிவர். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தொட்டியில் இதே வழியில்தான் மாறுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. அவற்றை மாற்றும் பாக்டீரியா பாறையிலும் வடிகட்டியிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், ஒரு சிறு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, சோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்து வர வேண்டும். இரண்டும் ஏறிப் பின் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே தொட்டி தயார். வயலில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் எடுத்துக்கொள்ள நெற்பயிர் இல்லை. ஆகவே வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். சிறு வகை ராஸ்களுக்கு இது தாராளம். ஆழ்குழாய் நீரை நேரடியாகப் பயன்படுத்தலாகாது. ஆர்.ஓ. நீரில் கடல் மீனுக்கென விற்கும் உப்பைக் கலந்து, ஒப்படர்த்தி 1.025 இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. வடிகால் இல்லாத நிலம் கோடையில் உப்புப் பூப்பதும் இதனால்தான். ஆகவே அன்றாடம் குறையும் நீருக்கு ஈடாக நல்ல நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உவர்த்தன்மை நாளுக்கு நாள் ஏறிவிடும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதுவே பெரிய சவால். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் சில டிகிரி குறையும். அதுவும் போதாத ஊர்களில் குளிர்விக்கும் கருவி தேவைப்படும். அதன் விலையையும் மின் கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே இதில் இறங்க வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கட்டும்.

எதை வாங்கலாம்?

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் முதலில் சொல்வது மஞ்சள் ராஸ். சுமார் 12 செ.மீ. வளரும். உடல் முழுவதும் எலுமிச்சை மஞ்சள். சாதுவான மீன், இரையும் எளிதில் பழகும், மணல் மட்டும் வேண்டும். கடைகளில் ‘எல்லோ கோரிஸ்’ என்றும் சொல்வார்கள். உண்மையான கோரிஸ் இனத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. அந்தக் கோரிஸ் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

அடுத்து ஃபேரி ராஸ், ஃபிளாஷர் ராஸ் எனும் வகைகள். நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்பவை, பிற மீன்களையும் பவள உயிர்களையும் தொந்தரவு செய்யாதவை, பொந்தில் தூங்குபவை. இவற்றின் ஒரே தீய வழக்கம் துள்ளிக் குதிப்பது.

சிக்ஸ்லைன் ராஸ் விரல் நீளமே உள்ள, ஆறு கோடுகள் கொண்ட மீன். பவள உயிர்களைப் பீடிக்கும் தட்டைப் புழுக்களையும், சிப்பிகளில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு நத்தைகளையும் தேடித் தின்னும். பருத்தியில் அசுவினிக்குப் பொறிவண்டு எப்படியோ அப்படி. ஆயினும் எல்லா மீனும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று உறுதி கூற இயலாது. மேலும் இது தனக்குப் பின் வரும் மீனைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஆகவே எல்லா மீனும் விட்ட பிறகு கடைசியாக இதை விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதற்கும் தானே பட்டாதாரர் என்று நினைத்துக்கொள்ளும்.

இனி, வாங்கக்கூடாதவை. கோரிஸ் இனக் குஞ்சுகள் இரண்டு அங்குலத்தில் மிக அழகாயிருக்கும். வெள்ளை உடலில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளி உள்ள குஞ்சு, கடலில் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் இனத்தைச் சேர்ந்தது. வளர வளரப் பாறைகளைப் புரட்டும், இறால், நண்டு, நத்தை எதையும் விடாது. நம் கடலிலும் காணப்படும் மூன் ராஸ் ஓர் அடி வரை வளரும் முரட்டு மீன். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதன்று. லெப்பர்ட் ராஸ் முரடில்லை, ஆனால் மணலிலும் பாறையிலும் உள்ள மிகச் சிறிய உயிரிகளைப் பகலெல்லாம் பொறுக்கித் தின்பது. ஓர் ஆண்டாவது ஓடிய பழந்தொட்டியில்தான் அவ்விரை இருக்கும். புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

கிளீனர் ராஸை விட்டுவிடுங்கள்

நீல உடலில் கருங்கோடு ஓடும் கிளீனர் ராஸ் விலை மலிவு. “மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று நோய் வராமல் காக்கும்” என்று கடையில் சொல்லித் தருவார்கள். கடலில் அது உண்மை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கிரட்டர் என்ற விஞ்ஞானி கணக்கிட்டதில் ஒரு கிளீனர் ராஸ் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றது. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் நாலைந்து மீன்களிடம் அவ்வளவு ஒட்டுண்ணிக்கு எங்கே போவது? மேலும் வீட்டுத் தொட்டியில் மீனைக் கொல்லும் வெண்புள்ளி நோயின் கிருமி தோலுக்கு அடியில் இருப்பது. இந்த மீன் அதைக் கொத்தி எடுத்துக் குணப்படுத்தும் என்று நம்ப முடியாது. சில மீன்கள் இறால் துண்டுக்குப் பழகிப் பிழைப்பதுண்டு. பல மெலிந்தே சாகின்றன.

கடலுக்கு ஏற்படும் நட்டம் இதைவிடப் பெரிது. அதே பவளத்திட்டுப் பகுதியில் சில திட்டுகளிலிருந்து கிளீனர் ராஸ்களை மட்டும் எட்டரை ஆண்டுகள் நீக்கிவைத்துப் பார்த்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, அத்திட்டுகளில் குடியிருக்கும் மீன்களின் எண்ணிக்கை மற்றத் திட்டுகளைவிட 37 சதவீதம் குறைந்திருந்தது. விற்கப்படும் ராஸ்களில் ஏறத்தாழ எல்லாமே கடலில் பிடித்தவை என்பதால் இதைச் சிந்திக்க வேண்டியுள்ளது. (நார்வேயில் சால்மன் பண்ணைகளில் பேன் போன்ற ஒட்டுண்ணியை ஒழிக்கக் குளிர்கடல் ராஸ்களை விடுகிறார்கள். அங்கும் அம்மீன்கள் பெருமளவில் இறப்பது பெரும் பிரச்சினையாகியுள்ளது.)

இந்த மீனைப் போலவே வேடமிட்ட இன்னொரு மீனும் உண்டு. சுத்தம் செய்வதுபோல் அருகில் வந்து துடுப்பைக் கடித்துத் தின்னும். கிளீனர் ராஸுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். வேடதாரிக்குச் சற்றுக் கீழே தள்ளியிருக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. இங்கும் அப்படியே. கண் தெளிவாக இருக்க வேண்டும். வயிறு ஒட்டியிருந்தாலும், முதுகுச் சதை வற்றிக் கத்தி விளிம்புபோல் தெரிந்தாலும் வேண்டாம். உதட்டைக் கூர்ந்து பாருங்கள். புண்ணோ வீக்கமோ கூடாது. “இரை போடுங்கள், பார்க்கிறேன்” என்று கேட்டு, தின்பதைக் கண்ணால் கண்ட பின் பணம் கொடுங்கள். கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். அன்று வந்த மீனை அன்றே வாங்குவது நல்லதன்று.

ஆணா பெண்ணா என்ற கேள்வியும் வரும். இக்குடும்பத்தின் பல இனங்களில் பெண்ணாகப் பிறந்த மீன் பின்னர் ஆணாக மாறுகிறது. கிளீனர் ராஸில் ஓர் ஆணும் சில பெண்களும் கூட்டமாக வாழ்கின்றன. ஆண் இறந்தால் பெண்களில் பெரியது சில மணி நேரத்திலேயே ஆணின் நடத்தையை மேற்கொண்டு, இரண்டு வாரமளவில் ஆணாகவே மாறிவிடுவதை ராபர்ட்சன் 1972-இல் வெளியிட்டார். ஆகவே ஃபேரி ராஸில் நல்ல நிறமுள்ள இரண்டு ஆணை வாங்கிச் சண்டைக்கு விடுவதற்குப் பதில், நிறம் மங்கிய சிறிய பெண்கள் இரண்டு மூன்றை ஒருசேர விட்டால் நாளடைவில் ஒன்று தானே ஆணாகி நிறம் ஏறும். விலையும் குறைவு.

வீட்டுக்கு வந்த பின்

குளத்தில் குஞ்சு இருப்பு விடும்போது பையை மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதைப் போலவே செய்க. முதலில் மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். மணலில் தூங்கும் இனமாயின் அங்கும் மணல் தட்டு தேவை. தாமிர மருந்தை அளவு சோதிக்காமல் ஊற்றாதீர்கள்.

மணலில் புதைந்த மீன் இரண்டு மூன்று நாள் வெளியே வராமல் இருக்கக்கூடும். செத்துவிட்டதோ என்று கையால் கிளறுவது பெரும் தவறு. பயண அலுப்பும் பயமும் தீர்ந்ததும் தானே வரும்.

தொட்டியின் மேல் கால் அங்குலக் கண்ணுள்ள வலையைச் சட்டமடித்து மூட வேண்டும். குழாய் நுழையும் சந்தைக்கூட விடக்கூடாது. காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும் மீன்களில் ராஸே அதிகம். விளக்கைத் திடீரென அணைத்தாலும் மிரண்டு துள்ளும்.

பொடியாக நறுக்கிய இறால், உறைய வைத்த ஆர்ட்டீமியா ஆகியவற்றை நாளைக்கு இரண்டு மூன்று தடவை சிறு அளவில் கொடுக்க வேண்டும். சோறு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது.

பாறைக்காகக் கடலுக்குப் போகாதீர்கள்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கல் பவளங்கள் யாவும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கியதுதானே என்று எடுத்து வந்தாலும் குற்றமே. ராஸ் மீனுக்குப் பவளம் அவசியமில்லை. ஒளிய இடம்தான் அவசியம். சிமெண்டிலும் பீங்கானிலும் செய்த செயற்கைப் பாறைகள் இதற்குப் போதுமானவை.

வருமானம் கிடைக்குமா என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. ராஸ் மீன் நீரில் மிதக்கும் நுண்ணிய முட்டைகளை இடுவது. பொரிக்கும் குஞ்சு மிகச் சிறியதாகையால் வீட்டில் இரை கொடுத்து வளர்த்தெடுப்பது நடவாத காரியம். இதைக் குஞ்சு எடுத்து விற்கலாம் என்று கடன் வாங்க வேண்டாம். கடல் வண்ண மீனில் தொழில் செய்ய விரும்புவோருக்குக் கோமாளி மீனே ஏற்றது. அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. விவரங்களுக்கு அந்நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தையோ, தங்கள் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ அணுகலாம்.