புயலும் கூரையும் பாலிஸியும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஜனங்களிடம் புயலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு விதமான அலக்ஷியப் புன்னகை கிடைப்பதுண்டு. "புயலாவது, இங்கேயாவது! அதெல்லாம் கடலூர்க்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் ஏற்பட்ட தலைவிதி அல்லவா?" என்பார்கள். கடலே கண்ணுக்குத் தெரியாத ஜில்லாவில் கடற்காற்றுக்குப் பயப்படுவானேன் என்பது அவர்கள் கட்சி. கட்சி கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பூகோளப் படம்தான் அதற்குச் சாதகமாக இல்லை. ஜயங்கொண்டத்திலிருந்து நேர் கிழக்கே அளந்து பார்த்தால் வங்காள விரிகுடாவுக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் இராது. கரையேறிய புயலுக்கு அது சில மணி நேரப் பிரயாணம். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல், கடலையே பார்த்திராத திண்டுக்கல் ஜில்லா வரையில் சென்று மரங்களைச் சாய்த்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கட்டடம் கட்டும் எஞ்சினீயர்கள் எந்த ஊரில் எவ்வளவு காற்றை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தார் ஒரு விதிநூல் வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை வீசக்கூடிய பலத்த காற்றை அடிப்படையாகக் கொண்டது அது. அதில் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் என்று கண்டிருக்கிறது; அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நமக்கு அடுத்துள்ள திருச்சிராப்பள்ளிக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 47 மீட்டர், மணிக்குச் சுமார் 169 கிலோமீட்டர்! சமுத்திரக் கரையிலுள்ள பட்டணத்துக்கும் உள்நாட்டு ஊருக்கும் வித்தியாசம் வெறும் 3 மீட்டர்தான். புயல் வராத வருஷங்களில்கூடச் சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழைக்கு முன்னே வரும் சூறைக்காற்று வாழைத் தோட்டத்தைப் படுக்க வைத்துவிட்டுத் தகரக் கூரைகளை வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை இப்பக்கத்தில் காணாதவர் இல்லை.

காற்றையாவது கண்ணால் பார்க்கலாம். வெள்ளம் செய்யும் வேலை மண்ணுக்கடியில் நடப்பது. பச்சைமலையில் பிறந்து, இரண்டு ஜில்லாக்களிலும் ஓடிக் கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, வருஷத்தில் பெரும் பகுதி மணலும் புதருமாகக் கிடக்கும் சாது. அந்தச் சாதுதான் 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி, விடிவதற்குச் சற்று முன்னால், அரியலூருக்கு அருகே ரயில் பாலத்தின் ஆதாரத்தை அரித்துத் தின்றது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தண்டவாளம் மேலே இருந்ததே தவிர, அதைத் தாங்கிய மண் கீழே இல்லை. அந்த விபத்துக்குத் தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்ததைத் தேசம் முழுவதும் இன்றும் எடுத்துச் சொல்லுகிறது. (சரியாக அதே தேதியில், 2007-ல், அரியலூர் இரண்டாம் தடவையாகத் தனி ஜில்லாவானது என்பது தற்செயலாய் நேர்ந்த ஒற்றுமை.) மந்திரியின் ராஜிநாமாவை நினைவில் வைத்திருக்கும் நாம், மண் அரிப்பை மறந்துவிட்டோம். ஓடைக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் மனை வாங்கி வீடு கட்டியிருப்பவர்கள், மழைக் காலத்துக்கு முன்னும் பின்னும் வீட்டின் மேல்பாகத்தைப் பார்ப்பதுடன் அஸ்திவாரத்தைச் சுற்றியும் ஒரு பிரதக்ஷிணம் செய்வது நல்லது.

கூரை எப்படிப் பறக்கிறது என்பதைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. காற்று கூரையை அழுத்தி உடைப்பதாக நினைக்கிறார்கள். உண்மை நேர் விரோதமானது. கூரையின் மேலே வேகமாகச் செல்லும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே சமயத்தில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலுமாகச் சேர்ந்தால் கூரை என்ன செய்யும்? மேலும், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நான்கு மடங்காகும். ஆகையால் புயலன்று காற்றடிக்கும் திசையிலுள்ள கதவு ஜன்னல்களைத் தாழிட்டு வைப்பது பாட்டிமார் சொன்ன வெறும் சம்பிரதாயமல்ல, பௌதிக சாஸ்திரம்.

முதலில் பெயர்வது கூரையின் ஓரங்களும் மூலைகளும் முகட்டுவரிசையுமே. ஓட்டு வீடானால் இறவாரத்து ஓடுகளையும் முகட்டோடுகளையும் சாந்து வைத்துப் பூசியிருக்க வேண்டும். தகரம் அல்லது சிமெண்டு ஷீட்டானால், சட்டத்தோடு அதைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, வாஷர்கள் இற்றுப் போயினவா என்று ஆளை ஏற்றிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் போல்ட்டுக்குச் சோம்பியவர் முழு ஷீட்டையும் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க நேரும். அது யாருடைய தலையிலாவது விழுந்திருந்தால் பொறுக்கவும் போக முடியாது.

மாடி வீட்டுக்காரர், தமக்கு இந்தக் கவலையில்லை என்று மார்தட்ட வேண்டாம். வேப்பிலைச் சருகு நாலு சேர்ந்து மாடியின் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டால் போதும். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னுக்கு மேலாகும். ஒரு லாரிப் பாரத்தைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு யார்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்? மாடியிலுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் புயலுக்கு முன் நிரப்பி வைக்க வேண்டும். காலித் தொட்டி பந்துபோல் கிளம்பும். டெலிவிஷன் தட்டையும், சூரிய மின் பலகையையும் தாங்கும் இரும்புச் சட்டங்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். தென்னையின் காய்ந்த மட்டைகளைக் கழித்துவிட வேண்டும். கொல்லையில் நிற்கும் முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குழம்புக்கு அது எவ்வளவு உத்தமமோ காற்றுக்கு அவ்வளவு அதமம்.

இரு ஜில்லாக்களிலும் கரிசல் பூமியில் வீடு கட்டியிருப்போருக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மகாலக்ஷ்மியாயிருக்கும் அந்த மண், மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது. அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீடுகளில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். இதற்கென்றே அடிப்பக்கம் குமிழாகப் பருத்த கான்கிரீட் தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகக் கட்டுவோர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டி முடித்துவிட்டவர்கள், சுவரைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வெளிப்புறமாகச் சரிந்த தளம் ஒன்று போட்டுவிட வேண்டும். சிமெண்டு ஆலைகளுக்குப் பெயர்போன அரியலூரில் இதற்குச் சிமெண்டு கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது! சுவரில் நீண்ட வெடிப்பில் புயல் மழை புகுந்து ஊறினால் வெளிப்பூச்சு மட்டுமா பெயரும்?

மராமத்து என்பது நமக்குப் புதிதல்ல. ஏரிக்கரையை ஊரார் கூடி அடைத்த குடிமராமத்து வழக்கம் இந்நாட்டில் தொன்றுதொட்டு இருந்தது. வெள்ளைக்கார சர்க்கார் 1858-ல் அதைச் சட்டத்திலேயே எழுதி, அதன் உயிரைப் போக்கினார்கள். 2017 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் அதே பெயரில் ஒரு திட்டம் நடத்தினர். ஏரி உடைந்தால் ஊரில் எந்தப் பாலிஸியும் உதவாது என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர்.

இனி இன்ஷூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1850-ல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி தொடங்கிய காலத்தில் இது அந்நியரின் கப்பலுக்கும் கிடங்குக்கும் ஏற்பட்ட வியாபாரம். பொது இன்ஷூரன்ஸின் சகல துறைகளையும் ஏற்று நடத்திய முதல் இந்தியக் கம்பெனி 1907-ல்தான் தோன்றியது. 1973-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமாகி, 107 கம்பெனிகள் நான்காக ஒடுங்கின. அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் தனியார் கம்பெனிகளும் மீண்டும் வந்துவிட்டன. ஆக, பாலிஸி விற்போருக்குக் குறைவில்லை. வாங்குவோர் பத்திரத்தைப் படிப்பதுதான் குறைவு.

வீட்டுக்கென 2021-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிஸியை எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டுமென்று ஏற்பாடாகியிருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம் எல்லாம் இதில் அடக்கம். எவ்வளவு தொகைக்கு எடுப்பது? மனையின் கிரயத்தைச் சேர்க்கக் கூடாது. புயல் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது. வீட்டை மறுபடி கட்ட எவ்வளவு ஆகுமோ அதுவே தொகை. சதுர அடிக்கு ரூ.2,000 என்று வைத்துக்கொண்டால் 1,000 சதுர அடி வீட்டுக்கு ரூ.20 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவிகிதம், அதாவது ரூ.4 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். அதற்கு உச்ச வரம்பு ரூ.10 லட்சம். நகைகளுக்குத் தனியே கேட்டு வாங்க வேண்டும். இத்தனைக்கும் வருஷப் பிரீமியம் பெரும்பாலும் தீபாவளிப் பட்சணச் செலவுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இதில் விலக்குகள் உண்டு. அவை நம் ஜில்லாக்களுக்கென்றே எழுதியவைபோல் இருக்கின்றன. நிலம் உள்வாங்கிய சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் சாதாரணமாக அமர்ந்து வெடிப்பதற்கு இல்லை. ஆற்றரிப்பால் நிலம் சரிவதற்கும் இல்லை. மட்டமான வேலைப்பாட்டால் வந்த குறைக்கும் இல்லை. கரிசல் வெடிப்பும் கொள்ளிடக்கரை அரிப்பும் எந்தத் தலைப்பில் சேரும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நாளடைவில் இற்றுப்போன கூரைக்குப் புயலின் பெயரால் பணம் கேட்பதும் பலிக்காது. கூரை வீட்டில் இருப்போர் தங்கள் வீட்டுக்குப் பாலிஸி செல்லுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பாங்கிக் கடனில் வீடு கட்டிய உத்தியோகஸ்தர்கள், "பாங்கியிலேயே இன்ஷூரன்ஸ் போட்டுவிட்டார்கள்" என்று நிச்சிந்தையாக இருப்பதைப் பார்க்கிறோம். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அது கடன் வாங்கியவரின் ஆயுளுக்கு எடுத்தது, வீட்டுக்கு எடுத்ததல்ல. உண்மையிலேயே வீட்டுக்கு எடுத்திருந்தாலும், கடன் தீர்ந்த அன்றே அதுவும் தீர்ந்திருக்கக்கூடும். சர்க்கார் உதவியை நம்பலாமே என்பாரும் உண்டு. 2023-ம் வருஷம் டிசம்பரில் புயலில் சேதமான குடிசைகளுக்கு நிவாரணத்தை ரூ.5,000-லிருந்து ரூ.8,000 ஆக உயர்த்தினார்கள். அது ஏழைக்குச் செய்யும் தர்மம். வீடு கட்டுவதற்கான தொகை அல்ல.

வண்டி விஷயத்தில் மயக்கம் இன்னும் அதிகம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நம் வண்டியால் நேரும் தீங்குக்கான இன்ஷூரன்ஸ் மாத்திரமே. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று வருஷமும், இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷமும் அதை மொத்தமாகக் கட்டும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவினால் ஏற்பட்டிருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கியவர் கடிதத்தில் 'ஐந்து வருஷம்' என்பதைப் பார்த்துவிட்டு ஆனந்தமாயிருக்கிறார். புளியமரம் ஸ்கூட்டர் மேல் விழுந்தால் அந்த ஐந்து வருஷப் பாலிஸி ஒரு காசும் தராது. சொந்தச் சேதத்துக்கான பாலிஸி வேறு. பெரும்பாலும் அது வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டியது. காலாவதியாகி 90 நாள் கடந்தால், கோரிக்கையில்லாமல் சேர்த்த போனஸ் சலுகையும் போய்விடும். கோரிக்கை வந்தால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் பாதி விலையே கிடைக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

வெள்ளத்தில் நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் சாவி திருப்பிப் பார்ப்பது மனித சுபாவம். அதைப் போன்ற விபரீதம் வேறில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சி அழுத்தும் யந்திரம். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து, எஞ்சினே பாழாகும். கம்பெனியார், "வெள்ளம் செய்த சேதத்துக்குத் தருகிறோம், அப்புறம் நீங்கள் செய்த சேதத்துக்குத் தர மாட்டோம்" என்பார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதலாக ஒரு ஷரத்து வாங்கியிருந்தாலன்றி அவர்கள் கட்சியே பெரும்பாலும் ஜெயிக்கும். ஆகவே சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். ரயில் பாதைக்கடியிலுள்ள சுரங்கப் பாதையில் தண்ணீர் நிற்கும்போது, "லாரி போகிறதே, நாமும் போகலாம்" என்று நுழைவோருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை.

சேதம் நேர்ந்துவிட்டால் ஒன்றையும் ஒதுக்கித் துப்புரவு செய்வதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு உடனே தெரிவித்து, தெரிவித்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டாளர் வருமுன் மழை மேலும் நனைக்காதபடி கித்தான் போட்டு மூடுவது நமது கடமை. கொத்தனாரை வைத்து முழு ரிப்பேர் செய்துவிடுவது அவசரம். மராமத்துச் செய்த ரசீதுகளும் புயலுக்கு முன் எடுத்த வீட்டுப் படங்களும் இருந்தால், கூரை பழுதாகவே கிடந்தது என்னும் வாதத்துக்கு அவையே பதில். அவற்றையும் பாலிஸிப் பத்திரத்தையும் கீழ்த்தட்டு அலமாரியில் வைக்காமல் பரண்மேல் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கம்பெனி மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனுக்கு ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.