விளிப்பெயரும் மதிப்பெண்ணும்: வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளை முன்வைத்துச் சில கேள்விகள்

1

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் 'அது சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கிப் போவது நம் சூழலில் பழக்கமாகிவிட்டது. சினிமாவையும் ஒருகாலத்தில் இப்படித்தான் ஒதுக்கினோம். பிரதி என்பது அச்சில் மட்டும் இருப்பதல்ல என்று பேசிப் பேசி வாய் வலித்தவர்கள் நாம். ஆனால் கோடிக்கணக்கானோர் தினமும் 'வாழ்ந்து' பார்க்கும் ஒரு பிரதியைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சில நண்பர்கள் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்து ஒரு வாழ்க்கைப் பாவனை விளையாட்டு செய்யத் திட்டமிட்டு, பாத்திரங்களுக்கு உரையாடல் எழுத என்னை அழைத்தார்கள். அந்த வேலையில் எதிர்ப்பட்ட கேள்விகளையே இங்கு வைக்கிறேன்.

2

இவ்வகை விளையாட்டில் எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஒரு வீடு, ஒரு ஊர், அண்டை அயலார், அவ்வளவுதான். 1985இல் வந்த 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்', 1996இல் ஜப்பானில் வெளியான 'ஹார்வெஸ்ட் மூன்', 2000இல் வில் ரைட் உருவாக்கிய 'தி சிம்ஸ்' என ஒரு மரபு இதற்கு உண்டு. 2016இல் எரிக் பரோன் என்பவர் படம், இசை, நிரல், எழுத்து எல்லாவற்றையும் தனியாளாக, நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டார். பெருமுதலீடு இல்லாமல் தனியாளோ சிறுகுழுவோ செய்யும் இதை 'இண்டி' என்கிறார்கள். நம் பாஷையில் சிற்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் உள்கட்டுமானம் எளிமையானது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று தேவை: காலை எழுந்து இரவு படுக்கும்வரை எங்கே இருக்கும் என்ற நேர அட்டவணை, உங்களோடு அதற்குள்ள நெருக்கத்தைக் குறிக்கும் ஓர் எண், அந்த எண் இன்ன அளவைத் தாண்டினால் இன்ன வாக்கியத்தைச் சொல் என்ற நிபந்தனைப் பட்டியல். ஸ்டார்டியூவில் ஒருவரிடம் ஒருநாள் பேசினால் 20 புள்ளி. அவருக்கு மிகப் பிடித்த பொருளைக் கொடுத்தால் 80. 250 புள்ளிக்கு ஓர் இதயக் குறி. வாரத்துக்கு இரண்டு பரிசுதான் கொடுக்கலாம். மணம் முடிக்க 12 பேர் காத்திருக்கிறார்கள். ஆண், பெண் யாரும் யாரையும் மணக்கலாம்.

இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். அது ஒரு நிலைப்பாடு. விதி எழுதுகிறவர் உலகத்தையே எழுதுகிறார்.

3

உறவை எண்ணாக்குவது மனிதத்தன்மையற்றது என்று கிளம்பிவிடுவது சுலபம். நம் ஊர்களில் ஏற்கெனவே அப்படியொரு கணக்கு இருக்கிறது: மொய் நோட்டு. எந்த வீடு, எவ்வளவு, எந்த விசேஷத்துக்கு என்று பெயர்வாரியாக எழுதி வைத்து, திருப்பிச் செய்யும்போது பார்த்துச் செய்கிறோம். "நம்ம வீட்டுக்கு என்னா வச்சாங்க, பாரு" என்பது ஒரு நிபந்தனை வாக்கியமே.

ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றல்ல. மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய கட்டுரையில் கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது என்ற மூன்று கடப்பாடுகளைச் சொன்னார். ஸ்டார்டியூவில் முதல் கடப்பாடுதான் முழுதாக இருக்கிறது. பாத்திரம் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் முகம் சுளிக்கும். எப்போதாவது தபாலில் ஏதாவது அனுப்புமே ஒழிய, அதற்குக் கடன் என்ற நினைப்பு கிடையாது. நெருக்கம் தனிமனிதருக்குள் சேரும் சேமிப்பாகிவிடுகிறது. மொய்யிலோ அது இரண்டு வீடுகளுக்கிடையே தொங்கும் கடன்.

பெறுதல் என்பதும் இங்கே சும்மா நடப்பதில்லை. யார் வீட்டுச் சோற்றை யார் வாங்குவார்கள், எந்தப் பாத்திரத்தில் வாங்குவார்கள் என்பதில்தான் ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் நிற்கிறது. டீக்கடையின் இரட்டைக் குவளைக்கு எத்தனை புள்ளி? பாகூரில் கொடை செப்பேட்டில் ஏறியது 9ஆம் நூற்றாண்டில். நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் மூன்று ஊர்கள் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. கொடை இங்கே அன்பின் அடையாளம் மட்டுமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது நிலம், அது அதிகாரம்.

4

இனி உரையாடல். ஆங்கிலத்தில் ஒரு முன்னிலைச் சொல்லோடு வேலை முடிந்துவிடும். 'தி சிம்ஸ்' இன்னும் ஒருபடி போய், பொருளே இல்லாத 'சிம்லிஷ்' என்ற மொழியைப் பேசித் தப்பித்துக்கொண்டது. தமிழில் வாயைத் திறந்ததுமே மாட்டிக்கொள்கிறோம். 'வாடா', 'வா', 'வாய்யா', 'வாங்க' என்று முன்னிலைக்கு நான்கு. 'வந்தான்', 'வந்தாரு', 'வந்துச்சு' என்று படர்க்கைக்கு மூன்று. இரண்டும் வரும் ஒரு வாக்கியத்துக்கு 12 வடிவம். ஆயிரம் வாக்கியம் எழுதினால் 12,000. விகுதிகளைக் காலியிடமாக விட்டு நிரலிடம் ஒப்படைத்து இந்தச் சுமையைக் குறைக்கலாம். தொழில்நுட்பம் பிரச்சினையே அல்ல. எந்த விதிப்படி நிரல் விகுதியைத் தேர்வது? அதுதான் பிரச்சினை.

வயதை விதியாக வைத்தால் பெரியவர்களுக்கெல்லாம் 'வாங்க, குந்துங்க' விழும். அழகான கிராமம். ஆனால் அறுபது வயது தலித் கூலியாளை இருபது வயது மிராசு வீட்டுப் பையன் 'வாடா' என்ற வரலாறு அதில் துடைக்கப்பட்டுவிடும். சாதியை விதியாக வைத்தாலோ, துடைக்கப்படாத அந்த வரலாற்றை விளையாடுபவரின் விரலே ஒவ்வொரு முறையும் மறுபடி நிகழ்த்தும். விளித்தலின் வழியாகவே கருத்தியல் தன்னிலைகளை உருவாக்குகிறது என்று அல்துஸ்ஸர் 1970இல் எழுதினார். நம் மொழியில் அதற்கு விளக்கவுரையே தேவையில்லை.

உறவுமுறைச் சொற்களும் அப்படித்தான். ஒருவரை 'அண்ணா' என்கிறோமா 'மாமா' என்கிறோமா என்பதில் மண உறவு தீர்மானமாகிவிடுகிறது. பங்காளி, மாமன் மச்சான் என்ற இந்தப் பிரிவினையின் தர்க்கத்தைத்தான் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர் பற்றிய தம் 1957ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். 12 பேரில் யாரையும் மணக்கலாம் என்ற ஸ்டார்டியூ விதியை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து நட்டால் அது கற்பனாலோகம். அதை நீக்கினால் அகமணத்துக்கு நாமே காவல்.

5

தமிழ்ப் பாத்திரங்களைக் கொண்டு உலகக் கவனம் பெற்ற விளையாட்டு 'வெண்பா'. டொரன்டோவின் 'விசை கேம்ஸ்' குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்வதுதான் ஆட்டம். இதயக் குறி இல்லை, புள்ளி இல்லை. குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்பவேண்டும். தாய் தமிழில் கேட்க மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடைவெளியில் உறவு அறுந்தும் ஒட்டியும் நகர்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: உறவை எண்ணாகக் காட்டாமல் மொழியின் நடத்தையாகக் காட்டலாம். ஆனால் 'வெண்பா' வீட்டுக்குள் நடப்பது. நமக்குத் தெரு இருக்கிறது. சமையலறைக்குள் தீர்க்க முடிந்ததைத் தெருவில் அப்படியே தீர்க்க முடியாது.

6

சரி, அப்ப என்னதான் செய்வது? நண்பர்களிடம் நான் வைத்த யோசனை மூன்று.

ஒன்று, நெருக்க எண்ணை ஆளுக்கு ஆள் வைக்காமல், மொய் நோட்டுப்போல வீட்டுக்கு வீடு இரண்டு பக்கக் கடனாக வைப்பது. இரண்டு, கொடுத்ததை மறுக்கும் உரிமையை எல்லாப் பாத்திரங்களுக்கும் தருவது. மூன்றாவதுதான் முக்கியம்: மரியாதை விகுதியை மாறாத விதியாக வைக்காமல், மாறக்கூடிய நிகழ்வாக வைப்பது. ஆட்டம் தொடங்கும்போது ஊரில் உள்ள விளிப்புகள் உள்ளபடியே இருக்கட்டும். அவற்றைப் பாத்திரங்கள் எதிர்க்கும். கூலிக்காரர் 'என்னா வாடா போடான்ற?' என்று நின்று கேட்பார். அன்று நடவு நின்றுபோகும். 'வாடா' 'வாங்க'வாக மாறும் நாளே இந்த விளையாட்டின் மிகப்பெரிய சம்பவம். ஸ்டார்டியூவில் கல்யாணம் எப்படியோ அப்படி.

இது வெறும் கற்பனை அல்ல. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது பெயரையும் விளிப்பையும் அரசியலாக்கிய செயல்தானே. விகுதி தானாக மாறியதில்லை, மாற்றப்பட்டது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. விளையாடுபவர் எந்த வீட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவார்? எல்லாருக்கும் ஒரே வீடு என்றால் மேல்தெருக் கண்ணால்தான் ஊரைப் பார்ப்போம். தேர்ந்துகொள்ளலாம் என்றால், பிறப்பைத் தேர்ந்தெடுக்கும் சொகுசு ஆகிவிடும். குலுக்கலில் விடலாம், பிறப்பும் அப்படித்தான் என்கிறார்கள் நண்பர்கள். குலுக்கலில் விழுந்த வேதனையை ஒருவர் ஒருமணி நேரம் ஆடிவிட்டு அணைத்துவிட்டுப் போகலாமா? எழுத்தாளர்களும் களத்தில் நிற்பவர்களும் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று அறிந்த பிறகுதான் அடுத்த வரியை எழுத இருக்கிறேன்.