உங்களுக்குத் தெரியுமா? சயாம் மரண ரயில்

இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) 7 ஆஸ்கர்களை அள்ளியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பட்ட பாடு அந்தப் படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்தது.

அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் ஆசியக் கூலித் தொழிலாளர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம்.

415 கி.மீ. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. கைதிகளில் இறந்தோர் 12,000க்கும் மேல். காலரா பரவியபோது அவர்களுடன் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரைக் குறித்துவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் நினைவுகூரப்பட, தொழிலாளர் சாவுக்கு இன்றும் தோராயக் கணக்குதான். இது பெரும் அநீதி.