மத்தளம் பிடிப்போர்: கொட்டியாரப்பற்றில் இசைத்தொழிலும் வாழ்வும்

ஈழத்துத் தமிழர் கூத்துமரபு பற்றிய எழுத்துக்கள் கடந்த அறுபது ஆண்டுகளிற் பெருகியுள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1967) ஆகியவற்றை மேடையேற்றிய காலந்தொட்டு, ஆட்டமுறை, பாடல்வகை, உடை, களரியமைப்பு, வடமோடி தென்மோடி வேறுபாடு என்பன விரிவாக ஆராயப்பட்டு வந்துள்ளன. ஆயின் அக்களரியின் நடுவே நின்று விடியும்வரை மத்தளம் முழக்குபவர், விடிந்தபின் எதைக்கொண்டு தம் அடுப்பை எரிக்கிறார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கலை ஆராயப்பட்ட அளவுக்குக் கலையை உழைப்பாகக் கொண்டவர் ஆராயப்படவில்லை. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்றை மையமாகக்கொண்டு அவ்வினாவை நாம் ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

ஈச்சிலம்பற்று, பழைய கொட்டியாரப்பற்றின் ஒரு பகுதி. மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆற்றை அடுத்து, வயலும் சேனையும் மேய்ச்சற்காடும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் நிலம் அது. இங்கு ஒரு குடும்பம் ஒரே தொழிலால் ஆண்டு முழுவதும் வாழ்வது கடினம். பெரும்போகத்தில் வயல், பின்னர் சேனை, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மீன், இடையே மாடு என்று உழைப்பு பிரிந்து கிடக்கும். இப்பொருளியல் அமைப்பை மனத்திற் கொள்ளாது இப்பகுதி இசைஞரை விளங்கிக்கொள்ளுதல் இயலாது. நகரத்து மேடைப் பாடகருக்கு இசை 'முழுநேரத் தொழில்' ஆகலாம். இங்கோ மத்தளகாரர் பகலில் உழவர் அல்லது மீனவர். அவருடைய இசை, வயலும் கடலும் விட்டுவைத்த நாட்களில் நிகழ்வது. இதனாலேயே அவரைப் 'பொழுதுபோக்குக் கலைஞர்' என்று கருதும் தவறும் நேர்கின்றது.

கோயிற் பணியோடு இசை பிணைக்கப்பட்டிருந்தமைக்கு இப்பகுதியிலேயே பழைய சான்றுண்டு. கவிராசவரோதயர் பாடியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டு, திருகோணமலைப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று ஆகியவற்றின் மக்கள் கோணேசர் கோயிலுக்குச் செய்யவேண்டிய தொழும்புகளை வகுத்துரைக்கின்றது. அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. குளக்கோட்டன் பற்றிய செய்திகளை வரலாறாகக் கொள்வதிலும் தடையுண்டு. எனினும் ஒரு செய்தி தெளிவு: கோயிலில் வாத்தியமும் ஆடலும் தனிமனிதரின் விருப்பத்தால் நிகழ்ந்தவை அல்ல, விதிக்கப்பட்ட கடமைகள். நிலமும் விளைவும் ஒரு பக்கம், தொழும்பு மறுபக்கம் என்ற நிலமானிய உறவே அதன் அடிப்படை. நிலமானிய அமைப்புத் தளர்ந்தபின் கடமை என்னும் எண்ணம் எஞ்சியது. அதற்கு ஈடாக இருந்த விளைவின் பங்கு மெல்லமெல்ல மறைந்தது. இன்று "கோயிற் காரியம்தானே" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர், தாம் எந்தப் பழைய ஏற்பாட்டின் பாதியை மட்டும் நினைவிற் கொண்டிருக்கிறார் என்பதை உணர்வதில்லை.

இப்பகுதி இசைஞரின் ஆண்டு பஞ்சாங்கத்தாலும் மழையாலும் தீர்மானிக்கப்படுவது. வைகாசியிற் கண்ணகை அம்மன் கோயில்களிற் சடங்கும் குளிர்த்தியும் நிகழும். உடுக்கு அடிப்பவருக்கும் காவியம் பாடுபவருக்கும் அது முதன்மையான காலம். ஆவணியில் வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா வரும். மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இரு மாவட்ட மக்களும் ஆற்றங்கரையிற் கூடும் பெருவிழா அது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளம் அங்கு இன்றியமையாதது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது திருவிழாவுமில்லை, கல்யாணமுமில்லை. தையில் அறுவடை தொடங்கி நெல் வீடு வந்தபின்னரே ஊரில் கூத்துப் பழகும் பேச்சு எழும். கூத்து நெல்லைப் பின்தொடர்வது. நெல் பொய்த்த ஆண்டிற் களரியும் பொய்க்கும்.

மழைக்காலம் வேறொரு வகையிலும் வாத்தியக்காரருக்குப் பகை. தோற்கருவி ஈரத்தில் தளரும். தவிலின் ஒருபுறம் ஆட்டுத்தோல், மறுபுறம் அதனினும் தடித்த தோல்; இரண்டும் வார்கொண்டு இழுத்துக் கட்டப்படுபவை. அண்மைக் காலத்திலேயே வாருக்குப் பதிலாக இரும்பு ஆணியும் மரையும் வந்தன. மேளத்தை முடுக்குவதற்கான உழைப்பு இதனாற் குறைந்தது. ஆயினும் தோலை மாற்றும் செலவு குறையவில்லை. நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி ஒரு தீராத கவலை. நாணலிற் செய்யப்படும் அச்சிறு பொருள் வாயில் நனைந்து பதப்பட்டால்தான் குழல் பேசும். பதப்பட்ட சீவாளி உடைந்தால் அன்றைய கச்சேரியே நிலைகுலையும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் குழலிற் கட்டித் தொங்கவிட்டிருப்பர். பார்ப்போர் அதை அலங்காரம் என்று கொள்வதுண்டு! தவிற்காரர் வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளும், அவற்றின் கீழ்த் தடித்துப்போன தோலும், நீண்டநேரம் தோளில் வார் அழுத்துவதால் உண்டாகும் நோவும் இத்தொழிலின் உடல்சார்ந்த பக்கங்கள். ஊதியம் பேசும்போது இவை ஒருபோதும் கணக்கிற் சேர்வதில்லை.

கூத்துக்கு வருவோம். ஒரு கூத்து மேடையேறும் முன்னர்ப் பல மாதங்கள் இரவுதோறும் பழக்கப்படுகின்றது. சட்டங் கொடுத்தல், அடிபழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், பின் அரங்கேற்றம் என்று அது படிப்படியாக வளரும். இப்படிகள் ஒவ்வொன்றிலும் அண்ணாவியார் உடனிருத்தல் வேண்டும். பலவிடங்களில் அண்ணாவியாரே மத்தளமும் பிடிப்பவர். அரசன் வரவுக்கு ஒரு தாளக்கட்டு, தூதுவனுக்கு ஒன்று, பெண்பாத்திரத்துக்கு வேறொன்று என்பதை அவர் கற்பிக்கிறார். ஆயினும் அவருடைய திறன் தாளக்கட்டுக்களை நினைவில் வைத்திருப்பதோடு முடிவதில்லை. களரியில் ஆடுபவன் பயின்ற ஆட்டக்காரன் அல்லன். அன்று பகல் முழுவதும் வயலில் நின்றவன். நள்ளிரவு தாண்டியதும் அவன் கால் தடுமாறும். மத்தளகாரர் அவன் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். களைப்பு கண்டால் தாளத்தைத் தணித்து அவன் மூச்சு வாங்க இடம்விடுகிறார். அடி பிறழ்ந்தால் ஒரு தீர்மானத்தை நீட்டி அவன் மீண்டும் கால்வைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறார். சபையிலிருப்போர் ஆட்டத்தின் வேகத்தை மெச்சுவர். அவ்வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஆண்டவர் நடுவில் நிற்பவர் என்பதை மற்றொரு மத்தளகாரரே கண்டுகொள்வார். எழுத்திற் பதியாத இவ்வறிவே அவருடைய மூலதனம் எனலாம். கொப்பியிலுள்ள பாடலை நூலகத்திற் பாதுகாக்கலாம். கால் பார்த்துக் கைவைக்கும் பழக்கத்தை அவ்வாறு பாதுகாத்தல் அரிது.

இவ்வளவு உழைப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூலி என்ற பெயரில் வருவதில்லை. வெற்றிலையில் வைத்த பணம், வேட்டி சால்வை, நெல், அரங்கேற்ற இரவில் ஊரவர் தரும் அன்பளிப்பு என்பனவே அவை. இவற்றை 'மரியாதை' என்பர். மரியாதைக்கு விலைபேச முடியாது என்பதே இம்முறையின் இனிமையும் கொடுமையும். கொடுப்பவர் உளமுவந்து நிறையக் கொடுக்கும் ஆண்டில் அண்ணாவியார் ஊரின் மூத்தவராகத் தலைநிமிர்ந்து நிற்பார். குறையும் ஆண்டிற் கேட்டுவாங்க வழியில்லை; கேட்டால் கலைஞர் என்ற நிலையிலிருந்து கூலிக்காரர் என்ற நிலைக்கு இறங்கியதாகக் கருதப்படுவார். இவ்வேறுபாட்டை ஊர் கற்பித்ததா, அவர் தாமே ஏற்றுக்கொண்டதா என்று பிரித்தறிதல் எளிதன்று.

பறைமேளக்காரரிடத்து இச்சிக்கல் இன்னும் கூர்மையாகின்றது. கிழக்கில் பெரிய பறை, தம்பட்டம், குழல் ஆகியன சேர்ந்த பறைமேளம் கோயிலிலும் ஒலிக்கின்றது, சாவீட்டிலும் ஒலிக்கின்றது. அதில் நுட்பமான தாள வேறுபாடுகளும் ஆட்டமும் உண்டு. ஆயினும் அதை அடிப்பவர் பிறப்பால் இழிந்தவராக வைக்கப்பட்டார். தெய்வத்துக்கு வேண்டப்பட்ட ஒலியை எழுப்பியவர் தெய்வத்தின் வாசலில் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதும் விதிக்கப்பட்டிருந்தது. மட்டக்களப்புப் பகுதிப் பறைமேளக்காரரைக் களத்தில் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1983இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் சாதியமைப்பை உளமார ஏற்றவர்களா அன்றி நெருக்குதலுக்கு உட்பட்டவர்களா என்னும் வினாவையே மையப்படுத்தினார். அவ்வினாவுக்கு ஒற்றைவரியில் விடையில்லை. யாழ்ப்பாணத்தில் 1966 ஒக்டோபரில் எழுந்த தீண்டாமை எதிர்ப்பு எழுச்சிக்குப் பின்னர், பறையைக் கைவிடுதலே விடுதலை என்ற குரல் வலுப்பெற்றது. பின்வந்த காலத்தில் பறையை மேடைக்குக் கொணர்ந்து பெருமையின் சின்னமாக்குவோரும் தோன்றினர். இரண்டிலும் நியாயமுண்டு. ஆயினும் மேடையிற் பறை முழக்கும் பல்கலைக்கழக மாணவரை எவரும் மறுநாட் காலை சாவீட்டுக்கு வா என்று கட்டளையிடுவதில்லை. கருவி மீட்கப்பட்டதும் அதை முழக்கிய குடும்பம் மீட்கப்பட்டதும் ஒன்றல்ல.

பயணமும் இத்தொழிலின் ஒரு பகுதியே. திருகோணமலையிலிருந்து கரையோரமாக வெருகல் நோக்கி வரும் வீதி நெடுங்காலம் நீர்த்துறைகளால் அறுபட்டுக் கிடந்தது. மேளக்காரர் தம் கருவிகளோடு துறைதோறும் பாதையிலேறிக் கடந்தனர். கடைசிப் பாதை போய்விட்டால் அக்கரையிலேயே இரவைக் கழித்தனர். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதனையடுத்த ஆண்டுகளில் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. பாலம் இருவழி என்பதையும் சொல்லவேண்டும்: உள்ளூர் மேளக்காரர் வெளியே போவது எளிதாயிற்று, வெளியூர் இசைக்குழுவும் மின்கருவிகளும் உள்ளே வருவதும் எளிதாயிற்று.

அதற்கு முன்னர் நிகழ்ந்தவை பேரழிவுகள். போர்க்காலத்தில் இரவு நடமாட்டம் அஞ்சத்தக்கதாயிற்று. இரவை நம்பிய கலை கூத்து. பகற்கூத்து என்ற ஒன்றை ஊர் அறியாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அதிலிருந்து முற்றாக எழுமுன்னரே 2006 ஆகஸ்டில், மாவிலாற்றுப் பகுதியில் தொடங்கிய போரினால் ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் ஆண்டிறுதியை ஒட்டி மட்டக்களப்பு முகாம்களுக்கும் பெயர்ந்தனர். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. குழந்தையையும் முதியோரையும் சுமந்து ஓடுபவர் கையில் மத்தளத்துக்கு இடமில்லை. இழப்பு விபரம் பதியும் படிவங்களில் வீடு, வள்ளம், வலை, மாடு என்பவற்றுக்கு உரிய மதிப்பு எளிதில் விளங்கும். பாட்டன் காலத்து மத்தளத்தை அவற்றுள் எந்த நிரலில் எழுதுவது? வலையை இழந்தவர் மீனவர். மத்தளத்தை இழந்தவர் தளபாடம் இழந்தவர்.

படிவங்களைப் பற்றிய இப்பேச்சு அற்பமானதன்று. இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழில்தருநர் ஒருவரின்கீழ் வேலைசெய்வோரைக் காக்கின்றது. விவசாயிகளுக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. திருவிழாவுக்குத் திருவிழா அழைக்கப்படும் இசைஞர், தம் இசையின் பேரால் இம்மூன்றில் எதனுள்ளும் அடங்கார். கோயில் அறங்காவலர் அவருக்குத் தொழில்தருநர் அல்லர்; பத்து நாள் உறவு பதினோராம் நாள் முடிந்துவிடுகின்றது. ஆகவே முதுமைக்குப் பாதுகாப்புத் தேடுபவர் தம்மை விவசாயி என்றோ கடற்றொழிலாளர் என்றோ பதிந்துகொள்வதே அறிவுடைமை. அவர் அப்படிப் பதிந்துகொள்ளும் ஒவ்வொரு தடவையும் புள்ளிவிபரத்தில் இப்பகுதி ஓர் இசைஞரை இழக்கின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றால் திருவிழாக்கள் சுருங்கியபோதும், 2022இல் எரிபொருளின்றி வாகனங்கள் நின்றபோதும், இசையால் வந்த வருமானம் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட முனைவார்க்கு இதனால் அடித்தரவு இல்லை.

அடுத்த தலைமுறையின் நிலையும் இதனோடு தொடர்புடையது. பாடசாலைகளிற் சங்கீதம் ஒரு பாடமாக உள்ளது. மட்டக்களப்பு கல்லடியில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய விபுலாநந்தர் பெயரிலான நிறுவனம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகப் பட்டம் வழங்குகின்றது. கர்நாடக இசையிற் பட்டம் பெற்றவர் ஆசிரியராகலாம். மாதந்தோறும் சம்பளம் பெறலாம். அவ்வாசிரியரின் மாணவன் வீட்டில், முப்பது கூத்துக்களின் தாளக்கட்டை விரலில் வைத்திருக்கும் பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். சான்றிதழ் இல்லாமையால் அவர் பாடசாலைக்குள் ஆசிரியராக நுழைய முடியாது. கூத்து விழாவன்று பிரதம விருந்தினராக அழைக்கப்பட்டுப் பொன்னாடை போர்த்தப்படலாம். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மத்தளம் பழக்குவதற்கு அவரை நாட்கூலிக்கேனும் அமர்த்தும் ஏற்பாடு, பொன்னாடைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெருஞ்சுமையாகாது.

பழக்குவதற்கான காலம் மாரியே. வயலில் வேலை குறையும், இரவு நீளும். தோல் தளர்ந்திருப்பதால் அக்காலத்தில் மத்தளத்தைத் தொடமாட்டார்கள். சிறுவனைப் பலகையின்முன் இருத்திச் சொற்கட்டை வாயாற் சொல்லவைத்து, கையாற் பலகையில் அடிக்கவைப்பார்கள். தையில் வெயில் ஏறித் தோல் இறுகியபின்பே கருவியை அவன் மடியில் வைப்பர்.