கம்போ கிண்ணத்துக்குள் ஒரு சட்டமீறல்: நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகம் ஏன் ஸ்பெஷல்?

2008-ல் அதிபர் வேட்பாளராக இருந்த பராக் ஒபாமா, நியூ ஆர்லியன்ஸ் நகரின் டூக்கி சேஸ் உணவகத்துக்குச் சாப்பிடப் போனார். முன்னால் வைத்த கம்போவில் மிளகாய் சாஸை ஊற்றினார். அவ்வளவுதான், சமையலறையிலிருந்த 85 வயது லியா சேஸ் பாட்டி அதட்டிவிட்டார். நன்றாக இருக்கும் கம்போவை யாராவது கெடுப்பார்களா?

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கு. லூசியானா சாப்பாடு என்றாலே காரம், காரம் என்றாலே 'கேஜுன்' என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அது 'கிரியோல்' உணவகம்.

இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகேடியர்களை, 1755 முதல் பிரிட்டிஷார் துரத்தியடித்தார்கள். அவர்களில் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறினார்கள். 'அகேடியன்' என்ற பெயர்தான் பேச்சில் தேய்ந்து 'கேஜுன்' ஆனது. கிடைத்ததை ஒரே பானையில் போட்டு வேகவைக்கும் கிராமத்துச் சமையல் அவர்களுடையது.

கிரியோல், நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, பூர்வகுடி கைப்பக்குவங்கள் எல்லாம் கலந்தது. ஜம்பலாயா என்ற சோற்றில் தக்காளி இருந்தால் பெரும்பாலும் கிரியோல், பழுப்பாக இருந்தால் கேஜுன். 1980-களில் பால் புருதோம் என்ற சமையல் கலைஞர் கேஜுனை உலகப் புகழாக்கிய பிறகு, இந்த வித்தியாசம் பலருக்கு மறந்தே போச்சு.

இரண்டு பேருக்கும் பொதுவானது கம்போ. மாவைக் கொழுப்பில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிச் சிவக்க வைக்க வேண்டும். இதற்குப் பெயர் ரூ. அதில் வெங்காயம், செலரி, குடமிளகாய். பிறகு இறால், நண்டு, சாசேஜ் என்று இருப்பதைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சோற்றோடு சாப்பிடுவார்கள். 'கம்போ' என்ற சொல்லே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கப் பெயரிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த சொல். வழவழப்பு போகணும்னு நாம் வெண்டைக்காயை வதக்குவோம். அங்கே குழம்பு கெட்டியாக அந்த வழவழப்புதான் வேணும்!

மாடியில் நடந்தது என்ன?

1941-ல் ட்ரெமே பகுதியில் சாண்ட்விச் விற்கும் சின்னக் கடையாக இடம்பிடித்தது டூக்கி சேஸ். வங்கிகள் கறுப்பின மக்களை அண்டவிடாத காலம் அது. வெள்ளிக்கிழமை சம்பளக் காசோலையோடு வருகிறவர்களுக்கு இந்தக் கடையிலேயே பணம் கிடைத்தது. கூடவே ஒரு சாண்ட்விச்சும் சாப்பிட்டுப் போவார்கள்.

1946-ல் மருமகளாக வந்தவர் லியா. அதற்கு முன் வெள்ளையர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். அங்கே அவர் பரிமாறலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதனால் மாமியார் வீட்டுக் கடையில் வெள்ளை மேசைவிரிப்பு போட்டார். தன் மக்களும் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிடட்டுமே!

கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சாப்பிடுவதே அன்று சட்டவிரோதம். ஆனால் மாடி அறையில் இரு தரப்புப் போராளிகளும் ஒன்றாக உட்கார்ந்து, கம்போவும் வறுத்த கோழியும் சாப்பிட்டபடி திட்டம் போட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் வந்திருக்கிறார். 1961-ல் பேருந்துகளில் நிறவெறியை எதிர்த்துக் கிளம்பிய 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' வந்திருக்கிறார்கள். இது ஊருக்கே தெரியும், போலீஸுக்கும்தான். ஆனாலும் உள்ளே புகவில்லை. கடைக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கு அப்படி. உணவகங்களில் பிரித்துவைக்கும் வழக்கத்தை நாடு முழுவதும் சட்டம் தடை செய்தது 1964-ல்தான்.

2005-ல் கத்ரீனா புயல் வெள்ளம் கடைக்குள் புகுந்தது. சுவரில் மாட்டியிருந்த கறுப்பினக் கலைஞர்களின் ஓவியங்களைப் பேரன் காப்பாற்றினார். லியாவும் கணவரும் கடைக்கு எதிரே நிவாரண டிரெய்லரில் தங்கி, 2007-ல் மறுபடி கதவைத் திறந்தார்கள்.

2019-ல் 96 வயதில் லியா மறைந்தார். இப்போதும் குடும்பத்தினர்தான் நடத்துகிறார்கள். பெரிய வியாழன் அன்று, புனித வெள்ளி விரதத்துக்கு முன்பாக, பல வகைக் கீரைகள் போட்ட பச்சைக் கம்போவைச் சாப்பிட ஊரே திரண்டு வரும். கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். எத்தனை கீரையோ, அந்த வருஷம் அத்தனை புது நண்பர்கள் கிடைப்பார்கள் என்பது அங்கே நம்பிக்கை.