மீனுக்குப் பையனா, பையனுக்கு மீனா?

தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் ஒருவர், 'பையனுக்கு மீனைக் கொடுத்தேன்' என்கிறார். 'மீனைப் பையனுக்குக் கொடுத்தேன்' என்றாலும் பொருள் மாறாது. பெறுபவரைக் 'கு' உருபும், கொடுத்த பொருளை 'ஐ' உருபும் காட்டிவிடுகின்றன அல்லவா?

ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கும் ஒரு காலத்தில் இத்தகைய விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்தபின், சொல் நிற்கும் இடமே அவ்வேலையைச் செய்கிறது. 'ஐ கேவ் த பாய் த ஃபிஷ்' என்பதில் வினையை அடுத்து நிற்பவரே பெறுபவர். இரண்டையும் இடம் மாற்றினால் பையன் மீனுக்கு இரையாகிவிடுவான்! மீனை முன்னே வைத்தால், பையனுக்கு முன் 'டு' வேண்டும்.

'கிவ்', 'சென்ட்', 'ஷோ' முதலிய வினைகள் இவ்விரு அமைப்பையும் ஏற்கும். 'எக்ஸ்பிளெய்ன்' அவ்வாறன்று. 'எனக்குக் கணக்கை விளக்கினார்' என்பதை 'எக்ஸ்பிளெய்ன்ட் மீ த சம்' என எழுதுவது பிழை. 'எக்ஸ்பிளெய்ன்ட் த சம் டு மீ' என்பதே சரி. ஆகவே மாணவர்களே, வினையை அதன் அமைப்போடு சேர்த்தே பயிலுங்கள்.